திருப்பணியும் அனுமதியும்

கோயில் கடவுளுடைய வீடு என்று சொல்லிக்கொள்ளும் நாம், அந்த வீட்டின் கூரை பழுதுற்று மழை உள்ளே இறங்கும்போது, அதைச் செப்பனிட யாரிடத்தில் உத்தரவு கேட்க வேண்டும் என்ற வினாவைச் சமயத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரியாலய விவகாரமாக எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். நாஞ்சில் நாட்டிலே, அதிலும் பழைய திருவிதாங்கூர்ச் சம்பிரதாயம் இன்றும் மறையாத ஆலயங்களிலே, இவ்வினா இரண்டு விண்ணப்பங்களாக உருவெடுக்கிறது. தந்திரியும் சோதிடரும் கூடியமர்ந்து, சோழி பரப்பி, மூர்த்தியின் திருவுள்ளம் யாதென அறிய முயலும் தேவப்பிரசன்னம் ஒன்று. கோயில் நிர்வாகியான ஸ்ரீகாரியம் மராமத்துப் பொறியாளரின் மதிப்பீட்டையும் வரைபடத்தையும் புகைப்படங்களையும் ஒரு கோப்பிலே சேர்த்து, சுசீந்திரத்திலுள்ள இணை ஆணையர் அலுவலகத்தின் வழியாகச் சென்னைக்கு அனுப்பும் மனு மற்றொன்று. முன்னது பக்தி, பின்னது சட்டம் என்று பிரித்துப் பேசுவது உலக வழக்கு. முன்னதைப் போற்றிப் பின்னதை ஏளனம் செய்வது பக்தர் வழக்கு. பின்னதை மதித்து முன்னதைக் கண்டு நகைப்பது படித்தவர் வழக்கு. இவ்விரண்டு விண்ணப்பங்களும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பதும், ஒன்று கண்மூடும் வேளையில் மற்றொன்று விழித்திருக்க வேண்டும் என்பதுமே என் அபிப்பிராயம்.

சென்னைக்குப் போகும் மனுவை ஆராயும் குழு செய்யும் காரியம் இன்னதென முதலிலே பார்த்துவிடலாம். அறநிலையத் துறையின் கோயில்களுக்கு மண்டல அளவில் ஒரு வல்லுநர் குழுவும், அதற்கு மேல் மாநில அளவில் ஒரு வல்லுநர் குழுவும் உள்ளன. தொல்லியல் அறிந்தவரும், ஆகமம் அறிந்தவரும், கட்டடத்தின் பலாபலம் அறிந்த பொறியாளரும் கலந்திருந்து, இந்தச் சுவர் எக்காலத்தது, இதில் எழுத்து உண்டா, இப்போது சேர்க்க நினைக்கும் பொருள் பழைய பொருளோடு ஒத்து வாழுமா என்றெல்லாம் ஆராய்ந்து, சிலவற்றுக்கு இசைவு தந்து, சிலவற்றைத் திருத்தி, சிலவற்றை மறுக்கிறார்கள். 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகளைப் பிறப்பித்தபோது, 17 உறுப்பினர் அடங்கிய மரபு ஆணையம் ஒன்று வேண்டும் என்றும், அதன் ஒப்புதலின்றிப் பழங்கோயில்களில் அமைப்பு மாற்றமோ பழுதுபார்ப்போ நடைபெறலாகாது என்றும் சொல்லியது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சிதறால் மலைக்கும் வட்டக்கோட்டைக்கும் விதி வேறு. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் அதற்கு வந்த திருத்தமும், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டுமென்றும் விதிக்கின்றன. தகுதியுள்ள அதிகாரி மனுவைப் பதினைந்து நாளில் தேசிய நினைவுச் சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதன் பின் ஒரு மாதத்தில் அதிகாரி இசையவோ மறுக்கவோ வேண்டும். மலையடிவாரத்திலே மாட்டுத் தொழுவத்துக்குச் சுவரெழுப்ப நினைக்கும் விவசாயிக்கு இது எத்தனை நீண்ட வழி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும், இத்தனை காபந்தும் எதற்காக? பகைவரிடமிருந்து கோயிலைக் காக்கவா? நம் பக்கத்துக் கோயில்களைப் பார்த்து வருகிறவர்களுக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. கல்லில் வெட்டிய எழுத்தைச் சுண்ணாம்பால் மறைத்தவன் பகைவன் அல்லன், பக்தன். அழுக்கு நீக்குவதாக எண்ணி மணல் வீச்சினால் சிற்பத்தின் மூக்கையும் முகவாயையும் தேய்த்தவன் பக்தன். பாதத்துக்குக் குளிர்ச்சி தந்த கருங்கல் தளத்தின்மேல் வழுக்கும் ஓடுகளைப் பதித்துப் பக்கத்திலே தன் பெயரைப் பளிங்கில் பொறித்தவனும் பக்தனே. சொல்ல வந்தது இவ்வளவே: இவர்களில் ஒருவருக்கும் தீய எண்ணம் இல்லை. இறைவனுக்குப் புதியது கொடுக்க வேண்டும் என்ற ஆசையும், கொடுத்தவன் நான் என்று உலகம் அறிய வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்க, முன்னதைப் பார்த்து ஆனந்தப்படும் ஊரார் பின்னதைக் காணத் தவறிவிடுகிறார்கள்.

சாஸ்திரம் இதை அறியாததன்று. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் பழுதுற்றதைப் புதுப்பிக்கும் ஜீரணோத்தாரணத்திற்கென்றே தனி அத்தியாயம் வகுத்திருக்கின்றன. மலையாள தேசத்துத் தந்திர சம்பிரதாயமும் அவ்விஷயத்தில் விரிவானது. அக்கிரியைகளிலே என் சிந்தையைப் பெரிதும் ஈர்ப்பது கலாகர்ஷணம். திருப்பணி தொடங்குமுன், மூர்த்தியினிடத்துள்ள தெய்வக் கலையைக் கும்பத்து நீரில் ஆவாகனம் செய்து, பாலாலயத்திலே எழுந்தருளச் செய்து, நித்திய பூசையை அங்கே நடத்துகிறார்கள். அதுவரை தந்திரியும் மேல்சாந்தியும் தவிர வேறெவரும் கால்வைக்கத் துணியாத ஸ்ரீகோயிலுக்குள், இனிக் கொத்தனார் ஏணியோடு நுழையலாம். தச்சர் உளி வைக்கலாம். ஏனெனில், கிரியையின் கணக்குப்படி அங்கே இப்போது இறைவன் இல்லை. இருப்பது கல்லும் மரமும் காரையுமே. அஷ்டபந்தனம் சாத்தி, குடமுழுக்கு நிறைவேறி, கலை மீண்டும் மூர்த்திக்குள் இறங்கும்வரை, அந்த மாளிகை தன் எஜமானன் ஊரில் இல்லாத மாளிகை.

கோயில்களுக்கு நேர்ந்த சேதங்களில் பெரும்பகுதி நேர்ந்தது இந்த இடைவேளையிலேதான். இறைவன் உள்ளே இருக்கும்போது பயமும் பக்தியும் கையைத் தடுக்கின்றன. அவன் வெளியே எழுந்தருளிய பின்போ, எஞ்சிய கல்லுக்கு மரியாதை சொல்ல ஒரு மந்திரமும் இல்லை. சாந்நித்தியத்தைக் காக்க ஆகமம் விழிப்பாய் இருக்கிறது. சாந்நித்தியம் நீங்கிய சரீரத்தைக் காக்க அது யாரையும் நியமிக்கவில்லை, பண்டைக் காலத்துச் சபையாரின் கண்ணும் ஸ்தபதியின் குலதர்மமும் காத்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிட்டது. சபையும் போய், குலதர்மமும் ஒப்பந்தப்புள்ளியின் முன்னே தளர்ந்துவிட்ட இக்காலத்தில், அந்த இடத்தை நிரப்ப வந்திருப்பதே குழு. பாலாலய காலத்திலே வெறுமையாக நிற்கும் கர்ப்பகிருகத்தின் வாசலில் அது காவல் நிற்கிறது. ஆகவே, குழுவில் அமர்பவன் நாத்திகனாகவே இருந்தாலும் அவன் செய்வது கைங்கரியம் என்று நான் துணிந்து சொல்வேன்.

திருவட்டாற்றை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றில் ஒன்றான அத்தலத்தில் ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் சயனித்திருக்கிறார். அத்திருமேனி சிலையன்று, 16,008 சாளக்கிராமங்களை அடக்கி, மண்ணும் மூலிகைச் சாறும் பிசினும் கூட்டிய கடுசர்க்கரையால் ஆனது. ஆகவே மூலவருக்கு நீராட்டு இல்லை, அபிஷேகமெல்லாம் உற்சவருக்கே. நீர் படக்கூடாத பெருமாளின் மாளிகை, வருஷத்தில் இரண்டு மழைக்காலம் காணும் நாட்டிலே நிற்கிறது! கூரையில் ஒரு பிளவு ஏற்பட்டால், அது பொறியாளருக்குக் கசிவு, அர்ச்சகருக்கு அபசாரம். ஒற்றைக்கல் மண்டபத்தையும், 224 தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவையரையும், கருவறைப் புறச்சுவரின் மூலிகை வண்ணச் சித்திரங்களையும் கொண்ட அக்கோயிலிலே 1604-க்குப் பின் 418 ஆண்டு கழித்து, 2022 ஜூலை 6-ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. நானூறு வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஒரு வாய்ப்பில், ஒரு சுவரைக் கெடுத்துவிட்டால் அதைத் திருத்தும் அடுத்த சந்தர்ப்பத்தை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் காணமாட்டார்கள். தாமதத்தைக் குறித்து நாம் கொள்ளும் சலிப்பை இந்தக் கால அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஈசுவரன் தன்னைத் தானே காத்துக்கொள்ள மாட்டானா, அவனுக்கு ஒரு குழுவின் துணை எதற்கு என்று கேட்பவர்களுக்கு வைணவ ஆசாரியர்கள் விடை சொல்லிப் போயிருக்கிறார்கள். அர்ச்சாவதாரத்திலே எம்பெருமான் தன் சுவாதந்திரியத்தை மறைத்துக்கொண்டு, நீராட்டுக்கும் அமுதுக்கும் உடைக்கும் அர்ச்சகனைச் சார்ந்திருக்கச் சம்மதிக்கிறான் என்று பிள்ளை லோகாசாரியர் விளக்குகிறார். சர்வசக்தன் அசக்தனைப் போல் நம் கையில் அகப்பட்டிருப்பதே அவனுடைய சௌலப்பியம். விந்தை என்னவென்றால், சீமையிலிருந்த பிரிவி கவுன்சில் நீதிபதிகளும் வேறொரு வழியாக இதே வாசலில் வந்து நின்றார்கள். 1925-இல், கல்கத்தாக் குடும்பமொன்றின் குலதெய்வ விக்கிரகத்தை இடம் பெயர்ப்பது பற்றிய வழக்கில், விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர் என்றும், தான் எங்கே இருக்கவேண்டும் என்பதில் அதன் சித்தம் மதிக்கப்பட வேண்டும் என்றும், அதைத் தன்னலமற்ற ஒருவர் அதன் சார்பில் நின்று எடுத்துரைக்க வேண்டும் என்றும் அவர்கள் கூறினார்கள். நம் நீதிமன்றங்கள் மூர்த்தியை என்றும் மைனராகவே பாவித்துவருவதும் இந்த நெறியிலேதான். மைனருடைய வீட்டை இடித்துக் கட்டும் கார்டியன் கணக்குக் காட்ட வேண்டாமா? சொத்து தன்னுடையதன்று என்பதைக் கார்டியனுக்கு நினைவூட்டவே அனுமதி என்ற ஏற்பாடு இருக்கிறது.

நம் நாட்டிலே இந்த நினைவூட்டல் மன்னனுக்கே செய்யப்பட்டதுண்டு. அவன் தனக்குத்தானே செய்துகொண்டதும் உண்டு. பத்மநாபபுரத்திலிருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750-இல் ராஜ்யத்தையே பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானமாக அர்ப்பணம் செய்து, பத்மநாபதாசன் என்ற பெயரில் அதன் ஊழியனானான். ராஜதந்திரம் அதில் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று அளப்பது சரித்திரக்காரர் வேலை. விளைவு என்னவோ வியக்கத்தக்கது: அன்று முதல் திருவிதாங்கூரில் வரி வசூலிக்கும் உத்தியோகஸ்தன்கூடக் கொள்கையளவில் தேவ ஊழியனே. பின்னர் 1811-ஐ ஒட்டி பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மன்றோவின் காலத்தில் கோயில்கள் அரசாங்க நிர்வாகத்தில் வந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நாம் தமிழகத்தோடு இணைந்தபோது, அரசியல் சாசனத்திலேயே 290அ என்ற ஷரத்தைச் சேர்த்து, திருவிதாங்கூரிலிருந்து இப்பக்கம் வந்த கோயில்களுக்கு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். கோயிலின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதற்கு இது ஈடாகுமா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது, கேட்கப்படவும் வேண்டும். கடவுளின் வேலைக்காரனாக இருந்த அரசு எந்த நாளிலிருந்து தன்னைக் கடவுளின் கார்டியனாக எண்ணத் தொடங்கியது என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்கலாம்.

இதுவரை குழுவுக்காகப் பேசினேன். இனி அதன் கண்ணுக்கு எட்டாதவற்றையும் சொல்வதே நியாயம். நாகர்கோவில் நாகராஜா கோயிலின் கருவறைக்கு ஓலைக் கூரை. அதை ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். ஆகவே ஓலையில் ஒன்றுகூடப் பழையதன்று, கூரையோ மிகப் பழையது. பொருள் மாறிக்கொண்டே இருப்பதனால்தான் அங்கே மரபு மாறாமல் இருக்கிறது. கல்லையும் காரையையும் அளவிடப் பழகிய குழுவுக்கு இத்தகைய பழமை எளிதில் பிடிபடாது. கல்லின் பழமை ஒன்றையே உண்மை என்று பிடித்திருந்த மேலைநாட்டுப் பாதுகாப்பு நெறி, 1994-இல் ஜப்பானிய நாரா நகரத்து மாநாட்டிலேதான் மரத்தையும் கூரையையும் புதுப்பித்து வாழும் நாகரிகங்களுக்கு இடம் விட்டது. அதே நாகராஜா கோயிலின் தூண்களில் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடக் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர் பெயர்கள் அக்கோயிற் சாசனங்களில் வருகின்றன. ஓலை மாறியது, வழிபடுவோர் மாறினர், வழிபடப்படும் பெயரும் மாறியது. வேய்வது மட்டும் நின்றபாடில்லை.

சிதறாலில் சிக்கல் இன்னும் ஆழமானது. திருச்சாரணத்து மலை என்று பழஞ்சாசனம் கூறும் அக்குன்றிலே, ஒன்பதாம் நூற்றாண்டளவில், அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் சமணத் துறவியம்மை, விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டிலே, அங்குள்ள படாரியார் என்னும் பெண்தெய்வத்துக்குப் பொன்னணி அளித்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த இடமே பகவதி கோயில். இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னம். நூலில் நாம் கற்கும் மதவரலாறு இங்கே ஒரே பாறையில் அடுக்கடுக்காய்க் கிடக்கிறது. பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒருவர் புறப்பட்டால், எந்தப் பழைய நிலைக்கு? பகவதியை அகற்றிக் குரத்தியாரின் காலத்தை மீட்பது ஒரு சாராரின் பக்தியைப் புண்படுத்தும். தீர்த்தங்கரரைத் திரையிட்டு மறைப்பதோ சரித்திரத்தைப் பொய்யாக்கும். இந்த இடத்திலே, எதையும் மீட்காமல், எதையும் நீக்காமல், இருக்கும் அடுக்குகளை இருக்கிறபடியே விட்டுவைக்கும் அதிகாரியின் செயலின்மை, உண்மைக்குப் பல முகம் உண்டு என்னும் அநேகாந்தம் பேசிய அச்சமணரின் மனப்பான்மைக்குக் கிட்ட வந்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. 1923-இல் ஜான் மார்ஷல் வெளியிட்ட பராமரிப்புக் கையேடு, வழிபாடு நடக்கும் சின்னங்களை உயிருள்ளவை என்று தனியே பிரித்து, அவற்றில் கூடுதலாகப் புதுப்பிக்க இடமளித்தது. சிதறால் உயிருள்ளதா, இல்லையா? விடை சொல்வது அந்தப் பிரிவினையை வகுத்தவருக்கும் சுலபமாயிராது.

அனுமதி என்ற விஷயம் பகிரங்கமான வாதமாக எழுந்த இடம் குமரிமுனைப் பாறை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானித்த அப்பாறையில் நினைவாலயம் எழுப்ப வேண்டும் என்று 1962-ஐ ஒட்டிக் கிளர்ச்சி எழுந்தபோது, மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர், பாறையின் இயற்கை எழில் கெட்டுவிடும் என்றார். முதலமைச்சர் பக்தவத்சலம் இசையவில்லை. மீனவக் கிறிஸ்தவ மக்களும் பாறையின் மீது தங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். நினைவாலய முயற்சியை முன்னின்று நடத்திய ஏகநாத் ரானடே 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பம் திரட்டிய பின், 15 அடிக்கு 15 அடியில் ஒரு சிறு கட்டடத்துக்கு மட்டும் அனுமதி என்ற பேச்சு வந்தது. காஞ்சிப் பெரியவரின் கருத்தைப் பெற்ற வரைபடம் முன்வைக்கப்பட்ட பின் அது 130 அடிக்கு 56 அடியாய் வளர்ந்தது. 1970 செப்டம்பர் 2-ஆம் நாள் வி. வி. கிரி அதைத் திறந்துவைத்தார். கட்டடம் அழகியதே, நானும் அதன் தியான மண்டபத்தில் அமைதி கண்டவன்தான். ஆனால் எழில் கெடும் என்ற வாதத்துக்குக் கையொப்பங்களின் எண்ணிக்கை விடையாகுமா? ஸ்ரீபாதப் பாறை என்று குமரித்தெய்வத்தின் திருவடிச் சுவட்டுக்காகவே பெயர் பெற்றிருந்த அவ்விடத்தில், அலையும் காற்றும் தவிர வேறு மண்டபம் இல்லாமையே அதன் மகிமை என்று கருதிய ஒருவனுடைய குரலை அந்த வாதத்தில் ஏந்தி நின்றவர், பக்தர் கூட்டத்திற்கு எதிர்ப்புறம் அமர்ந்திருந்த ஓர் அமைச்சர் என்பது சிந்திக்கத்தக்கது. பக்கத்துப் பாறையிலே 2000 ஜனவரி 1-ஆம் நாள் 133 அடி வள்ளுவர் நின்றார். 2024 இறுதியில் இரண்டையும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இணைத்தது. ஒரு முறை இசைந்தது அடுத்த இசைவுக்கு முன்னுதாரணமாகிவிடுவது அனுமதியின் இயல்பு.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. 1926-இல் டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் முன்னின்ற சுசீந்திரம் சத்தியாக்கிரகம், தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாரும் நடக்கும் உரிமையைக் கேட்டது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அன்று அக்கோயிலில் ஒரு கல்லும் அசையவில்லை. ஆயினும், அதன் கட்டட வரலாறு முழுவதிலும் நேர்ந்த மாறுதல்களை எல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு நாளின் மாறுதலுக்கு ஈடாகா. மரபு மாறக்கூடாது என்று அன்று வாதித்தவர்களும் சாஸ்திரத்தைக் காட்டியே வாதித்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. மதிப்பீடும் வரைபடமும் கேட்கும் விண்ணப்பப் படிவத்தில், இந்தக் கோயிலுக்குள் யார் வரலாம் என்ற கேள்விக்கு ஒரு கட்டமும் இருக்காது. கல்லைக் காப்பவன், தான் காப்பது கல்லை மட்டுமே என்பதை உணர்ந்திருத்தல் நலம். மரபு முழுவதற்கும் தானே காவலன் என்று எண்ணிக்கொண்டால், அவன் கை நீளக் கூடாத இடத்துக்கெல்லாம் நீண்டுவிடும்.

குழுவின் மேல் எனக்குள்ள குறை ஒன்றே. அது மறுக்கிறது என்பதன்று. மறுத்த காரணம் ஊராருக்குத் தெரிவதில்லை. சென்னையிலிருந்து ஓர் உத்தரவு வருகிறது. திருப்பணி நின்றுவிட்டது என்று மட்டும் ஊர் அறிகிறது. யாரோ தடுத்துவிட்டார்கள் என்ற வதந்தி தேர்வீதியைச் சுற்றி வருகிறது. பழைய சபைகள் இப்படி நடந்துகொள்ளவில்லை. பார்த்திவசேகரபுரத்துக் கோயிலை எழுப்ப நினைத்த ஆய் மன்னன் கருநந்தடக்கன், அந்த நிலம் முஞ்சிறைச் சபையாருடையது என்பதனால், அரசன் என்ற அதிகாரத்தில் அதைக் கைக்கொள்ளாமல், வேறு நிலம் மாற்றிக் கொடுத்து அவர்கள் இசைவோடு பெற்று, அங்கே சட்டர் எனப்படும் 95 மாணாக்கர்களுக்குச் சாலை என்னும் கல்விக்கூடமும் அமைத்தான். 866-ஆம் ஆண்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அதை அச்சிட்டதனால் இன்று நாம் படிக்கிறோம். தேரூரிலிருந்து நம் ஊர்க் கல்வெட்டுகளைத் தேடித் திரிந்த கவிமணியும், சுசீந்திரம் கோயிலின் வரலாற்றை 1953-இல் நூலாக்கிய கே. கே. பிள்ளையும் நம்பி வேலை செய்தது இப்படி எழுதிவைக்கப்பட்ட தீர்மானங்களைத்தான்.

ஆகவே குழுவார் தம் முடிவுகளைத் தமிழிலே, காரணத்தோடு எழுதி, அந்தந்தக் கோயிலிலேயே உபயக் கற்கள் பதிந்திருக்கும் சுவருக்குப் பக்கத்தில், பிராகாரத்தைச் சுற்றுகிறவன் நின்று படிக்கும் உயரத்தில் வைக்க வேண்டும்: வடக்குச் சுற்றுமதிலைப் பழைய கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்ட அனுமதித்தோம், மடைப்பள்ளித் தளத்தில் ஓடு பதிக்க மறுத்தோம், அடியில் எழுத்துள்ள பலகைக் கற்கள் இருக்கின்றன, கேட்டவர் இன்னார், பார்த்தவர் இன்னார், நாள் இன்னது.